நான்கு ஊமை விசைகள்

தலைவரின் சுற்றறிக்கையைப் படிப்பதில்லை என்று அந்த அலுவலகத்தில் யாரும் வாய் திறந்து சொல்லக் கூடாது. இந்த விதி எங்கும் எழுதப்பட்டதில்லை. தலைவர் எழுதாமல் விட்ட ஒரே விதி அதுதான். காலை பத்து மணிக்கு ஆறு பக்கச் சுற்றறிக்கை மேசைக்கு வரும். பத்தேகாலுக்குள் இழுப்பறைக்குள் அடக்கமாகிவிடும். தலைவர் எதிர்ப்பட்டால், "அருமை சார்!" அவ்வளவுதான்.

அன்று மறுநாள் சுற்றறிக்கையை அடிக்க உட்கார்ந்த தலைவரின் விசைப்பலகையில் நான்கு விசைகள் ஊமையாகியிருந்தன. முப்பது வயதுப் பலகை; தூக்கி எறிந்தால் பட்டவன் விழுவான், அவ்வளவு கனம். அதன் டக்டக் ஓசை இல்லாமல் தலைவருக்கு ஒரு வாக்கியமும் ஓடாது.

கணினி பழுதுபார்ப்பவர் வரவழைக்கப்பட்டார். தொட்டதெல்லாம் துலங்கும் என்பதால் அவருக்குக் 'கைராசி' என்றே பெயர். இரண்டு ஆண்டுகளாகத் தற்காலிக வேலை. 'உன்னை நிரந்தரமாக்கும் ஆணை சுற்றறிக்கையில் வரும்' என்று தலைவர் எப்போதோ வாக்களித்திருந்தார். பலகை பேசாவிட்டால் ஆணை எங்கிருந்து வரும்?

"பதினஞ்சே நிமிஷம் சார்," என்றார் கைராசி.

விசைகளின் தொப்பிகளைக் கழற்றித் துப்புரவுத் திரவத்தைத் தாராளமாகத் தெளித்தார். நான்கும் வாய் திறக்கவில்லை. இடைவெளி விசை மட்டும் அமுங்கிய இடத்திலேயே ஒட்டிக்கொள்ள, திரையில் வெற்றுப் பக்கங்கள் ஓடின. அந்த அறையில் பிறந்த சுற்றறிக்கைகளிலேயே படிக்க மிக வசதியானது அதுதான்.

"என்னப்பா இது?"

"குணமாகறதுக்கு முன்னாடி காய்ச்சல் ஏறும் சார்."

அடுத்து, யாரும் தொடாத மூலை விசைகளின் ஸ்விட்சுகளைப் பெயர்த்து, ஊமைகளின் இடத்தில் பற்றவைத்தார். பழையவற்றைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. உள்ளே எட்டிப் பார்ப்பது சந்தேகப் பிராணிகளின் வேலை என்பது அவர் கொள்கை. நான்கும் பேசின; ஒட்டியிருந்த இடைவெளி விசையும் எழுந்தது. வெற்றியோடு சாப்பிடப் போனார்; தலைவரும் போனார்.

திரும்பி வந்தபோது பதினொன்று ஊமை.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். கைராசிக்கு முதன்முறையாக வியர்த்தது.

தபால் பிரிவு அக்கா வாசலில் வந்து நின்றாள். அறுபது பிரதிகளை மூன்று மாடிக்கும் தினம் சுமந்து மூட்டு தேய்ந்தவள். "தம்பி, ஒரு விஷயம்..."

"ஆபரேஷன் நடக்குதுக்கா. அப்புறம்."

"உன் விஷயம்தான்டா..."

"அக்கா! கை நடுங்கிடும், போங்க."

அவள் தலைவரைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், போய்விட்டாள்.

வேறு வழியில்லாமல் கொள்கையைக் கைவிட்டு, ஒரு ஸ்விட்சைப் பிரித்தார் கைராசி. உள்ளே ஒன்றையொன்று தொட வேண்டிய இரண்டு செப்புத் தகடுகளுக்கு நடுவே நகக்கண் அளவு காகிதத் துண்டு. அடுத்ததிலும் அப்படியே. பதினொன்றிலும்! யாரோ வேண்டுமென்றே செருகியிருக்கிறார்கள். துண்டுகளில் அச்செழுத்துகள் இருந்தன. சுற்றறிக்கைத் தாள் என்று தெரிந்ததுமே, பழக்கதோஷத்தில் அவர் கண்கள் தாமாக விலகிக்கொண்டன. சக ஊழியரைக் காட்டிக்கொடுக்க மனமில்லை. அத்தனையையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"தூசி சார். இப்ப அடிச்சுப் பாருங்க!"

டக்டக்கென்று பலகை முழங்கியது. ஓசை கேட்டு ஊழியர்கள் வாசலில் கூடினார்கள். யார் முகத்திலும் களையில்லை.

"சபாஷ்! உன் கைராசியே கைராசி!"

"அப்ப என் ஆணை, சார்?"

"எந்த ஆணை?"

"நிரந்தரமாக்கறது. நாளைக்குச் சுற்றறிக்கையில வந்துடுமில்ல?"

தலைவரின் புருவம் உயர்ந்தது. கைராசியைப் பார்த்தார், பிறகு வாசலில் நின்ற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். எல்லாத் தலைகளும் குனிந்தன. ஒரு தலை மட்டும் குனியவில்லை.

"அட மக்குப் பயலே, அது போன வாரமே அஞ்சாம் பக்கத்துல வந்தாச்சு!" என்றாள் அக்கா. "இந்த ஆபீஸ்ல யாரு அதைப் படிக்கிறா? மத்தியானம் கீபோர்டுல செருகறதுக்குத் துண்டு துண்டா வெட்டும்போதுதான் நானே பார்த்தேன்!"