கதவில்லாத சிவப்புக் காரும் ஒன்றரைச் சாக்கு மாமனாரும்

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் செய்த எதற்காகவும் நான் வருத்தப்படவில்லை. நாற்பது வருடங்களுக்கு மேலாக என் குடும்பத்தில் யாராவது இதைச் சொல்லத் தொடங்கினால், சொல்லி முடித்ததும் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள், இன்றைக்காவது தலைகுனிவான் என்று. குனிந்ததில்லை. ஸ்கூட்டர் வாங்கும் பணத்தை வைத்துக்கொண்டு பந்தயக் கார் வாங்கப் போகிறவன் முட்டாள் என்று ஊர் சொல்லும். சொல்லட்டும். ஊர் எந்தக் காலத்தில் பந்தயக் காரில் உட்கார்ந்திருக்கிறது?

எழுபதுகளின் கடைசி. மட்டாஞ்சேரி பஜார் சாலையில் என் அப்பாவுக்கு ஒரு மிளகு கமிஷன் கடை, அதன் பின்கட்டிலேயே வீடு. தாத்தா காலத்தில் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த குடும்பம் நாங்கள். எனக்கு இருபத்தாறு வயது. சாக்கில் குத்தூசியைச் செருகி மாதிரி எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து, ஊதி, ஒரு மிளகைக் கடித்துப் பார்த்து, இதில் பழசு கலந்திருக்கிறதா இல்லையா என்று சொல்வது என் வேலை. அதில் நான் கெட்டிக்காரன். (அப்பாவே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார், நான் பக்கத்தில் இல்லாத சமயங்களில்.)

அந்த வருடம் பாலக்காட்டில் ஒரு கல்யாணத்தில் செண்பகத்தைப் பார்த்தேன். போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரி சண்முகவேலின் மகள். பந்தியில் எதிர் வரிசையில் உட்கார்ந்து, அப்பளத்தை நொறுக்காமல் முழுசாக வாய்க்குள் தள்ளப் பார்த்து, முடியாமல் போய், யாராவது கவனித்தார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். நான் கவனித்திருந்தேன். கட்டினால் இவளைத்தான் என்று இலையை மடிப்பதற்குள் முடிவு செய்துவிட்டேன். பெரியவர்கள் பேசினார்கள், ஜாதகமும் பொருந்தியது. மாப்பிள்ளை வீட்டை நேரில் வந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன் என்று சண்முகவேல் நாள் குறித்தார். அதற்குள் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் வயிற்றில் புளியைக் கரைத்தார். மதுரையில் இன்னொரு வரன் இருக்கிறதாம், பையன் அம்பாசிடர் வைத்திருக்கிறானாம்.

எனக்கு இருந்தது ஒரு சைக்கிள். நாலு வருடச் சேமிப்பு கொஞ்சம் இருந்தது. அதில் அம்பாசிடர் வராது. அம்பாசிடரின் பின்சீட்டும் இரண்டு கதவும் வேண்டுமானால் வரும். புத்தியுள்ளவன் அந்தப் பணத்தில் ஒரு ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு அடக்கமாக நின்றிருப்பான். அம்பாசிடரைத் தோற்கடிக்க அதைவிட வேகமான வண்டி வேண்டும், பழசானாலும் பரவாயில்லை என்பது என் கணக்கு. இன்றைக்கும் இந்தக் கணக்கில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை.

கொச்சியில் அப்போது அப்படிப்பட்ட வண்டிகள் இருந்தன. வெள்ளைக்காரக் கம்பெனிகளில் இருந்தவர்கள் போகும்போது விட்டுப்போனவை. முதலில் வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் கம்பெனி அதிகாரியின் வீட்டுக்குப் போனேன். பச்சை நிறம், இரண்டே சீட்டு, சாவியைத் திருப்பினால் உடம்பெல்லாம் சிலிர்க்கும் சத்தம். விலையைக் கேட்டேன். அவர் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த படகில் திரும்பிவிட்டேன். (இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.)

இரண்டாவது, ஃபோர்ட் கொச்சியில் ஓய்வுபெற்ற ஒரு டீ எஸ்டேட் மானேஜருடையது. விலை என் கைக்குள் இருந்தது. ஆனால் ஓட்டுநர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. முட்டை பொரியும்வரை வண்டியை அசைக்க முடியாது, மூன்று வாரம் கழித்து வா என்றார் அவர். சண்முகவேல் வரப்போவது பத்து நாளில்.

மூன்றாவதுதான் பள்ளுருத்தியில் அவுசேப்பு சேட்டனின் பட்டறையில் நின்றது. சிவப்பு. முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, தரையோடு தரையாகப் படுத்திருந்தது. உடம்பு சீமைக்கார், எஞ்சின் எந்தக் காரிலிருந்து வந்ததென்று சேட்டன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. துருப்பிடித்துப்போன அடிப்பாகத்தை இடக்கொச்சியில் படகு கட்டுகிறவர்களைக் கொண்டு புதிதாகச் செய்திருந்தார். மேலே கூரை இல்லை. இடது பக்கக் கதவும் இல்லை. இருந்த கதவு கழன்று கழன்று விழுந்ததால் அதை உடம்போடு சேர்த்து வெல்டிங் வைத்து மூடியிருந்தார்.

"ரேஸ் காருக்கு எதுக்கு மோனே கதவு? சாடிக் கேறணும்" என்றார் சேட்டன். (துள்ளி ஏற வேண்டுமாம்.)

எனக்கு அது நியாயமாகப் பட்டது. ஆனாலும் நான் ஏமாறுகிற ஆளில்லை. இடுப்பில் செருகியிருந்த குத்தூசியை எடுத்து, சரக்கைப் பார்ப்பதுபோலவே பார்த்தேன். மேலே நல்ல மிளகைப் போட்டு நடுவில் பதரை ஒளிப்பவர்களை எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன். வண்டியின் நாலு மூலையிலும் குத்தினேன், அடியில் படுத்துக் குத்தினேன், பெயிண்டைச் சுரண்டி மோந்து பார்த்தேன். கடிக்கவும் கடித்தேன் என்று பின்னாளில் சேட்டன் ஊரெல்லாம் சொன்னது முழுப் பொய். நாக்கை வைத்துப் பார்த்தேன், அவ்வளவுதான். தோப்பும்படி வரைக்கும் ஓட்டியும் பார்த்தேன், காற்றில் கண்ணீர் வந்தது. எல்லாம் சோதித்தேன். பக்கத்துச் சீட்டில் ஒரு ஆளை உட்காரவைத்துப் பார்க்க மட்டும் தோன்றவில்லை. மிளகு வியாபாரத்தில் மாதிரி என்பது ஒரு பிடிதான். ஒரு பிடியைப் பார்த்து நூறு சாக்குக்கு விலை பேசிப் பழகிய கை.

சேமிப்பைக் கொடுத்து வாங்கிய காரோடு நான் காத்திருக்க, சண்முகவேல் எறணாகுளம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினார். பஸ்ஸிலிருந்து அவர் இறங்கி முடிக்கவே சற்று நேரம் ஆனது. உயரம் நடுத்தரம், அகலம் தாராளம். வெள்ளை வேட்டி, ஜிப்பா, கையில் குடை, அல்வா டின் ஒன்று. காரைப் பார்த்தார். பிறகு காருக்குப் பின்னால் வேறு கார் நிற்கிறதா என்று பார்த்தார்.

பஸ் ஸ்டாண்ட் வராந்தாவின் படி கார் உயரத்துக்கு இருந்தது நல்லதாகப் போயிற்று, அதாவது அப்போது அப்படி நினைத்தேன். நான் கையைப் பிடித்துக்கொள்ள, படியிலிருந்து நேராகச் சீட்டில் கால் வைத்து மெல்ல உட்கார்ந்தார். படகுக்காரர்கள் செய்த சீட்டு குழிவாக இருக்கும். அவர் இறங்கிக்கொண்டே போனார். கடைசியில் முழங்கால் நெஞ்சுக்கு வந்து, அல்வா டின் தாடைக்குக் கீழே நின்றது.

வெலிங்டன் தீவைத் தாண்டிப் பாலத்தில் ஏறியபோது வண்டியை நன்றாக விரட்டினேன். ஒரு அம்பாசிடரை முந்தினேன். அந்த நிமிஷம் என் வாழ்க்கையில் வந்த பெரிய நிமிஷங்களில் ஒன்று, யாரும் அதை என்னிடமிருந்து பிடுங்க முடியாது. பக்கத்தில் மாமா ஏதோ சொன்னார். பாராட்டுகிறார் என்று நினைத்து இன்னும் வேகத்தைக் கூட்டினேன். மெதுவாகப் போ என்று கெஞ்சியதாகப் பிறகு தெரிந்தது.

பஜார் சாலையில் எங்கள் கடை வாசலில் நிறுத்தினேன். அப்பா வாசலுக்கே வந்து கைகூப்பி, "வாங்க அண்ணாச்சி, இறங்குங்க" என்றார். அண்ணாச்சி இறங்கவில்லை. இரண்டு கையையும் ஊன்றி ஒரு தம் கட்டினார். முகம் சிவந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. அந்தப் பக்கம் கதவு இல்லை என்பது அப்போதுதான் அப்பாவுக்குத் தெரிந்தது. இந்தப் பக்கம் நகரலாமென்றால் நடுவில் கியர் தண்டு. ஏறும்போது கைகொடுத்த படி எங்கள் வாசலில் கிடையாது. நான் குனிந்து அவருடைய கக்கத்தில் கை கொடுத்து இழுக்கப் போனேன்.

"கை எடு மோனே" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மம்மதுக்கா. அந்தத் தெருவின் சுமட்டுத் தொழிலாளர்களின் தலைவர். பஜார் சாலையில் ஒரு சாக்கை ஏற்றுவதும் இறக்குவதும் அவருடைய ஆட்களின் உரிமை. முதலாளியே தன் சரக்கைத் தொட்டு இறக்கினாலும் அன்றைக்குக் கடை நடக்காது.

"இக்கா, இது சரக்கில்லை. எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்" என்றேன்.

மம்மதுக்கா காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து நிதானமாகச் சொன்னார். "வண்டியில வந்நு. தன்னே இறங்கான் பற்றுன்னில்ல. அப்போ அது லோடாக்கும்."

வண்டியில் வந்தது, தானாக இறங்க முடியாதது, அதற்குப் பெயர் லோடு. அதற்குள் தெருவே கூடிவிட்டது. சுக்கு காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் முறத்தோடு வந்தார்கள். அப்பா தலைப்பாகையை எடுத்து முகத்தைத் துடைத்தார். கூலியைச் சொல்லுங்கள், கொடுத்துவிடுகிறேன் என்றேன். கூலி சாக்குக் கணக்கு. மம்மதுக்கா கண்ணாலேயே எடைபோட்டு, ரெண்டு சாக்கு என்றார்.

அதுவரை அல்வா டின்னுக்கு மேலே கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டிருந்த சண்முகவேல் அப்போது பேசினார்.

"யாரப் பாத்து ரெண்டு சாக்குங்கிறீரு? ஒன்றரைக்கு மேல ஒரு ராத்தல் இருக்காது. தராசக் கொண்டாங்க."

அவமானத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டார், எடையில் தப்பை ஏலக்காய் வியாபாரியால் பொறுக்க முடியவில்லை. ஆறு பேர் வந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, கண்ணாடிச் சாமானைத் தூக்குவதுபோல ஒரு சிராய்ப்பு இல்லாமல் தூக்கினார்கள். அப்படியே கொண்டுபோய்க் கடைக்குள் சாக்கு நிறுக்கும் பெரிய தராசில் வைத்தார்கள். என் வருங்கால மாமனார் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது இப்படித்தான். கேசரித் தட்டோடு வந்த அம்மா பார்த்தது இதைத்தான்.

ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. சாக்கு எடையைக் கழித்தாச்சா என்று கேட்டார் சண்முகவேல். சரக்கை நிறுத்தால் காலிச் சாக்கின் எடையைக் கழிப்பது வழக்கம். அந்த வழக்கப்படி குடை, செருப்பு, அல்வா டின், ஜிப்பா எல்லாம் கழிய வேண்டும் என்றார். செருப்பும் குடையும் டின்னும் இறங்கின. ஜிப்பாவைக் கழற்றப் போனவரை அப்பா கையைப் பிடித்து நிறுத்தினார். முள் சரியாக ஒன்றரையில் வந்து நின்றது. தெருவில் கைதட்டினார்கள். ஆனால் அரைச் சாக்குக்கு எங்கள் தெருவில் கூலி கிடையாது, முழுசாகத்தான் கணக்கு என்று மம்மதுக்கா சொல்ல, சண்முகவேல் தன் பையிலிருந்தே இரண்டு சாக்குக் கூலியை எடுத்து வைத்தார். நான் கொடுக்கப் போனதைக் கையாலேயே தடுத்துவிட்டார்.

கேசரியைத் தொடவில்லை. என்னைப் பார்த்து, "தம்பி, அந்தச் சனியனை இன்னிக்கே வித்துருங்க. நாளைக்கே நிச்சயம் பண்ணிக்கிருவோம்" என்றார்.

அப்பா என் முதுகில் இடித்தார். அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். சரி என்ற ஒரு வார்த்தை போதும், செண்பகம் என் மனைவி. அவளை இழந்தால் என்ன ஆவேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தெரு முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது, அந்தச் சிரிப்புக்கு நடுவில் என் கார் சிவப்பாக, தனியாக நின்றது. நாலு வருடம் சினிமா, சிகரெட், சட்டை எல்லாவற்றையும் விட்டுச் சேர்த்த கார்.

"மாமா, பொண்ணைக் குடுங்க, குடுக்காமப் போங்க. காரை விக்க மாட்டேன்" என்றேன். (மாமாவின் முகத்தைப் பார்க்காமல், காரைப் பார்த்துத்தான் சொன்னேன். அதையும் எழுதிவிடுகிறேன்.)

அவர் குடையை எடுத்துக்கொண்டு நடந்தே பஸ்ஸுக்குப் போனார். அப்பா மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. மூன்று வாரமும் நான் சரியாகச் சாப்பிடவில்லை, ஆனால் தினமும் காரைத் துடைத்தேன்.

நாலாவது வாரம் போடியிலிருந்து கடிதம் வந்தது. முதல் தடவை கேட்டதுமே விலையில் இறங்காத பையன் தொழிலில் நிலைப்பான், மேலும் நடந்ததைக் கேட்டுவிட்டு என் மகள் அந்தக் காரைப் பார்த்தே தீருவேன் என்று நிற்கிறாள், ஆகவே சம்மதம் என்று எழுதியிருந்தார். கல்யாணத்துக்கு மறுநாள் செண்பகம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நான் கைகொடுப்பதற்குள் ஒரே துள்ளலில் உள்ளே உட்கார்ந்தாள். ரேஸ் காருக்கு எதுக்குக் கதவு என்று சேட்டன் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கார் பதினோரு மாதம் ஓடியது. ஒரு மழைக்காலத்தில் பாலத்துக்கு நடுவில் எஞ்சின் தனியாகக் கீழே இறங்கிவிட்டது. மிச்சத்தை அவுசேப்பு சேட்டனே எடுத்துக்கொண்டார். பதினோரு மாதமும் வீணில்லை.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது சோபாவிலிருந்து எழத் திணறினால், பேரப் பிள்ளைகள் "எத்தனை சாக்கு?" என்று கத்துவார்கள். ஆரம்பித்துவைத்தது மாமாதான். மாமியார் போன பிறகு அவர் மட்டாஞ்சேரிக்கே வந்து எங்களோடு இருந்தார். நாற்காலியிலிருந்து எழ என் தோளைப் பிடிக்கும்போதெல்லாம், கூலி எவ்வளவு மாப்பிள்ளை என்பார். ரெண்டு சாக்கு என்பேன். ஒன்றரை என்பார். ஒரு நாளும் விட்டதில்லை.

கடைசி வருடத்தில் அவரைத் தூக்க ஆறு பேர் வேண்டியிருக்கவில்லை. நான் ஒருவனே போதும், அதுவும் ஒரு கையால். முழுச் சாக்கு என்ன, அரைச் சாக்குதான் இருந்தார். ஒரு காலையில் படுக்கையிலிருந்து தூக்கிச் சாய்த்து உட்காரவைத்தபோது அவர் கூலி கேட்கவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "இப்ப எவ்வளவு மாப்ளே இருப்பேன்?" என்றார்.

"ரெண்டு சாக்கு மாமா" என்றேன்.

எடை தெரிந்த மனிதர்.

"ஒன்றரை" என்றார்.

நான் ரெண்டிலிருந்து இறங்கவில்லை.