ஈரச்சாக்கும் சத்தமில்லாத பெட்டியும்

கம்ப்யூட்டர் வாங்க வரும் அப்பாக்களைக் கடை வாசலிலேயே நிறுத்தி, "நீங்கள் எதற்கெல்லாம் பயப்படுவீர்கள்?" என்று கேட்டுவிட்டு உள்ளே விடுவது நல்லது. என்னைக் கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டார்கள். என் மகளின் இன்டர்வியூவும் தப்பித்திருக்கும்.

நான் நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். பி.காம். படித்தவன்தான். ஆனாலும் எதை வாங்கினாலும் லாரி வாங்குவது போலத்தான் வாங்குவேன். பெரிதாக இருக்க வேண்டும், இழுவை இருக்க வேண்டும். மகள் நிவேதா கல்லூரியில் சேர்ந்தபோது கடையிலேயே பெரிய கேபினெட்டைக் காட்டி, இருப்பதிலேயே பெரிய பவர் சப்ளையை அதில் போடச் சொன்னேன். உள்ளே ஏகப்பட்ட விசிறிகள். ஆன் செய்தால் போர்வெல் போடும் ரிக் வண்டி வீட்டுக்குள் நிற்பது போலிருக்கும். (பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை, "தண்ணி வந்துருச்சுங்களா?" என்று கேட்டேவிட்டார்.)

படிப்பு முடித்து ஒரு வருஷமாக வேலை தேடியவள், ஒரு கம்பெனியில் கடைசிச் சுற்று வரை வந்துவிட்டாள். கிடைத்தால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். அவளை பெங்களூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ஆனால் முந்தின சுற்றில், பின்னால் ஏதோ மிஷின் ஓடுகிறது, பேசுவது கேட்கவில்லை என்று சொல்லிவிட்டார்களாம். சத்தமில்லாத கம்ப்யூட்டர் தேடி மூவருமாகச் சேலம் போனோம்.

கடைக்காரர் ஒரு கறுப்பு அலுமினியப் பெட்டியை எடுத்து வைத்தார். டிபன் பாக்ஸ் அளவுதான். மேலே வரி வரியாக மடிப்புகள்.

"இதுல ஃபேனே இல்லீங்க. பவர் சப்ளையும் உள்ள கிடையாது, லேப்டாப்புக்கு இருக்கற மாதிரி வெளியில சின்ன அடாப்டர்."

"பவர் சப்ளை கொஞ்சம் பெருசாப் போடுங்க" என்றேன். "ஏத்தம் வந்தா இழுக்கோணுமில்லீங்க?"

"இது மலையேறாதுங்க சார். மேசை மேலதான இருக்கப் போகுது."

என் மனைவி தனம் என்னை நகர்த்திவிட்டுக் கேட்டாள். "கரண்டு எவ்வளவுங்க இழுக்கும்?"

"பழசு இழுத்ததுல கால்வாசி கூட வராதுங்க. கரண்டு போனா யூபிஎஸ்லயும் நெம்ப நேரம் நிக்கும். ஃபேன் இல்லாததால சூடு பெட்டி மேலதான் வரும். தொட்டா சுடும், அது அப்படித்தான். பயப்படாதீங்க."

(பயப்படாதீங்க என்று யாராவது சொன்ன பிறகுதான் எனக்குப் பயமே ஆரம்பிக்கும்.)

வீட்டில் வைத்தோம். சத்தம் என்பதே இல்லை. லாரியோ மிக்ஸியோ, சத்தம் வந்தால்தான் ஓடுகிறது என்று நம்பிப் பழகியவன் நான். அதனால் போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டுப் பார்த்தேன், குழந்தையின் நெற்றியைத் தொடுவது போல. சுட்டது.

இன்டர்வியூ நாள் நல்ல சித்திரை வெயில். "உள்ள வராதீங்கப்பா" என்று நிவேதா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நான் வரவில்லை, தவழ்ந்தேன். மேசை ஓரத்து முக்காலியில்தான் பெட்டி இருந்தது, கேமராவுக்குத் தெரியாது. எட்டித் தொட்டேன். தோசைக்கல்.

இந்த இடத்தில் பி.காம். என்னைக் கைவிட்டது. தொப்பூர் மலையில் வண்டி சூடேறி நின்றால் எங்கள் டிரைவர்கள் டீசல் பம்ப் மேல் ஈரச்சாக்குப் போடுவார்கள். சமையலறைக்குத் தவழ்ந்து போய் ஒரு சாக்குத் துண்டை நனைத்து, நன்றாகப் பிழிந்து (என் அளவில் நன்றாக), திரும்பத் தவழ்ந்து வந்து பெட்டியைப் போர்த்தினேன்.

"ஏனுங்க, அங்க என்னுங்க பண்றீங்க?" என்றாள் அறை வாசலில் நின்ற தனம்.

"சத்தம் போடாத. மிஷினுக்குக் காச்சல்."

கிசுகிசுப்பாகத்தான் சொன்னேன். பழைய பெட்டியாக இருந்தால் அதன் இரைச்சலில் ஒரு எழுத்து வெளியே போயிருக்காது. இப்போதோ அறையில் ஊசி விழுந்தாலும் பெங்களூர் வரை கேட்கும். திரையில் இன்டர்வியூ எடுத்துக்கொண்டிருந்த அம்மா ஆங்கிலத்தை நிறுத்திவிட்டுத் தமிழில் கேட்டார். "யாருக்குங்க காய்ச்சல்?"

நிவேதா திரும்பி, தரையில் இருந்த என்னைப் பார்த்தாள். சாக்கிலிருந்து நீர் பின்பக்கத்து ஓட்டைகளுக்குள் சொட்டியது. திரை அணைந்தது. அதுவும் சத்தமில்லாமல்.

நிவேதா செல்போனை எடுத்துக்கொண்டு மீதி இன்டர்வியூவை முடிக்க மொட்டை மாடிக்கு ஓடினாள். தனம் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து, "எந்திரிங்க" என்றாள். எழுந்தேன். உட்காரத் தோன்றவில்லை. சாக்கைப் பிடித்தபடி மாடிப்படியின் அடியிலேயே நின்றேன். ஒரு வருஷ உழைப்பை நாலு சொட்டுத் தண்ணீரில் முடித்துவிட்டோமே என்று, சாக்கை இப்போதுதான் உண்மையிலேயே நன்றாகப் பிழிந்தேன்.

நிவேதா இறங்கி வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"என்ன கேட்டாங்க சாமி?"

"சர்வர் சூடேறினா என்ன பண்ணுவீங்கன்னாங்க."

"நீ?"

"சாக்கு மட்டும் போட மாட்டேன்னு சொன்னேன். சிரிச்சுட்டாங்க."

வேலை கிடைத்தது. பெட்டியும் உள்ளே ஒரு பாகம் மாற்றியதும் பிழைத்துக்கொண்டது. இப்போது வீட்டில் நான் எதற்காவது பதறத் தொடங்கினால், "சாக்கு நனைக்கட்டுங்களா?" என்கிறாள் தனம். எங்கள் சொந்தத்தில் இதைக் கேட்காத ஆள் இல்லை.

நிவேதா அதே அறையில், கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்க்கிறாள். வெளியே ஒரு சத்தமும் வராது. நேற்றும் கதவருகே போய் மெதுவாகக் கேட்டேன்.

"சாமி, ஓடுதா?"

"ஓடுதுங்கப்பா. சாக்கைக் கீழ வைங்க."

என் கையில் இருந்தது தோளில் போடும் துண்டுதான். லேசாக ஈரம், அவ்வளவுதான்.