ஒற்றுமை வாரத்துக்குக் கொடி கட்டிய விபரம்

வட்டகொடை,
வெள்ளிக்கிழமை.

என்றும் மதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் தரணிதரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

நமது பாடசாலையின் ஆரம்பப் பிரிவு ஆசிரியர் குழு கடந்த வாரம் கூடி, நீண்ட விவாதத்துக்குப் பின், காலைக் கூட்டத்துக்குக் கட்ட வேண்டிய கொடியின் நிறம் வெள்ளை என ஏகமனதாகத் தீர்மானித்தது. பாடசாலை தொடங்கிய நாள் முதல் நாம் ஏகமனதாக எடுத்த தீர்மானம் இது ஒன்றுதான் என்பதால், அதிபராகிய தங்களுக்கு முதலில் அதை அறியத் தருகிறேன். மற்றபடி இங்கு அனைவரும் நலம். தாங்களும் கொழும்பில் நலமாக, குறிப்பாக உயிரோடு, இருக்கிறீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. திங்கட்கிழமை காலை இந்தத் தோட்டத்தில் அப்படி நினைத்தவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள் மட்டும்தான்.

கண் ஆப்பரேசனுக்குப் பிறகு தாங்கள் போனைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்னாராம். ஆகவே கடிதமாக எழுதுகிறேன். அக்கா வாசித்துக் காட்டட்டும். அக்கா, அழுவதானால் கடைசி வரை வாசித்துவிட்டு அழு.

தாங்கள் புறப்படும்போது என்னிடம் பொறுப்பைக் கொடுத்துச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உதவிக் கல்விப் பணிப்பாளர் திங்கட்கிழமை காலைக் கூட்டம் பார்க்க வருகிறார்; பெற்றோர் வந்திருந்தால் நமது ஆரம்பப் பிரிவு தப்பும்; வராவிட்டால் டவுன் பாடசாலையோடு இணைத்துவிடுவார்கள், ஆறு வயதுப் பிள்ளைகள் தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போக வேண்டிவரும். பெற்றோரை வரவழைக்க நாம் செய்யாதது எது? பொறுமை வாரத்தில் சிறப்புரை நீண்டு இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். நேர்மை வாரத்தில் வைத்த பரிசுக் கோப்பை காணாமல் போனது. பொங்கல், நத்தார், வெசாக், ரமழான் எல்லாவற்றையும் மேடையேற்றினோம். வந்தது ஒரே ஒரு தகப்பன், அவரும் தப்பிப்போன ஆட்டைத் தேடி வந்தவர். காலைக் கூட்டம் நடக்கும் அதே நேரத்தில்தான் தோட்டத்தில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டும் நடக்கிறது. பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைய சம்பளம் இல்லை. நமது சிறப்புரைக்காக யார் அதை இழப்பார்கள்?

இம்முறை தொனிப்பொருள் ஒற்றுமை. ரோடு வளைந்து திரும்பும் முடக்கிலிருந்து பாடசாலை வாசல் வரை கொடி கட்டினால் பெரட்டுக் களத்திலிருந்தே தெரியும், சனம் எட்டிப் பார்க்கும் என்பது என் யோசனை. நிறத்தில்தான் சிக்கல் வந்தது. சர்மிளா டீச்சர் சிவப்பு என்றார். "சிவப்பு கட்டுனா வடிவேல் தலைவரு சங்கம்னு சொல்லி மத்த சங்கத்து ஆளுக புள்ளையவே அனுப்ப மாட்டாங்க" என்றார் துஷாந்த் மாஸ்டர். நீலம் அந்த மற்றத் தொழிற்சங்கத்துக்குச் சொந்தம். பச்சை ஒரு கட்சிக்கு. மஞ்சள் கோயில் கமிட்டிக்கு, அதிலும் பழைய கமிட்டிக்கு. ஊதாவாவது மிஞ்சும் என்று பார்த்தால், போன தேர்தலில் ஒருவர் சுயேச்சையாக நின்று அதையும் கெடுத்திருக்கிறார். கடைசியில் சர்மிளா டீச்சர்தான், "வெள்ளைக்கு ஒருத்தரும் இல்ல சார். அது எல்லாருக்கும் பொது" என்றார். எல்லோரும் கை தட்டினோம். சங்கங்களைப் பற்றி அவ்வளவு நேரம் யோசித்த தலைக்குள் வேறு எதுவும் நுழையவில்லை.

டவுனில் வெள்ளைத் துணி வாங்கப் போன சர்மிளா டீச்சரிடம் கடைக்காரர் குரலைத் தாழ்த்திப் பேசி, விலையைக் குறைத்து, கேட்காமலே ஒரு கட்டு ஊதுபத்தியும் கொடுத்திருக்கிறார். கல்வியின் அருமை தெரிந்த மனிதர் என்று டீச்சர் புகழ்ந்தார். ஞாயிறு மாலையே கட்டி முடித்தோம். திங்கள் காலை முதல் பஸ் முடக்கில் திரும்பியதும் பாட்டை நிறுத்திவிட்டு மெதுவாக ஊர்ந்து போயிற்று. பாடசாலைக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பெரட்டுக் களத்தில் நடந்ததை எனக்குப் பிறகுதான் சொன்னார்கள். சாவு வீட்டுக்கு வழி காட்டத்தான் ரோட்டோரம் வெள்ளைக் கொடி கட்டுவது இங்கு வழக்கம்; இந்தக் கொடி பாடசாலைக்குப் போகிறது, ஆகவே சாவு பாடசாலையில். ஆள் யார்? அதிபர் ஐயா ஒரு வாரமாக ஆளில்லை, போனும் ஓஃப். "கண்ணு ஆப்பரேசன்னுதானே சொன்னாங்க?" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். "கண்ணுன்னுதான் சொல்லுவாங்க. தலைக்கு ஏறியிருக்கும்" என்றிருக்கிறார் கொழுந்து எடுக்கும் பேச்சியம்மா. அதோடு விசாரணை முடிந்துவிட்டது. வேலை பிரிக்கும் கண்டாக்கையாவும் தோட்ட வழக்கப்படி அரைநாள் லீவு கொடுத்து, குழி வெட்ட இரண்டு ஆளையும் பிரித்து அனுப்பிவிட்டார்.

நாங்கள் தேவாரம் பாடி முடிக்கும்போது சனம் வாசலில் நின்றது. சனம் என்றால் கொஞ்சநஞ்சம் இல்லை அத்தான், லயத்துக்கு லயம் வீடுகளைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்கள். மூன்று வருடமாக முகம் பார்க்காத வடிவேல் தலைவரும் நீலச் சங்கத் தலைவரும் ஒரே மலர்வளையத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். இதுவல்லவோ ஒற்றுமை என்று நான் பூரித்துப்போய் நிற்க, பேச்சியம்மா கிட்டே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், ஐயாவோட பொட்டி எப்ப வருது?" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. சர்மிளா டீச்சரும் காதோடு, "சார், சொல்லிருங்க சார்" என்றார். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதே நேரம் உதவிக் கல்விப் பணிப்பாளரின் ஜீப் வாசலில் நுழைந்தது.

தாங்களே நியாயம் சொல்லுங்கள். அந்த இடத்தில் உண்மையைச் சொன்னால் சனம் அப்படியே மலையேறி வேலைக்குப் போய்விடும், பணிப்பாளர் வெறும் மைதானத்தைப் பார்ப்பார், பாடசாலை போய்விடும். மேலும் நமது வருடாந்த நிகழ்ச்சித் திட்டத்தில் வாய்மை வாரம் அடுத்த மாதம்தான் வருகிறது. ஆகவே பேச்சியம்மாவிடம், "வர இன்னும் நாளாகும், உட்காருங்க" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

கூட்டம் நடந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கும்மியடித்தார்கள், தாய்மார் வாயில் சேலையை வைத்துக்கொண்டு விம்மினார்கள். மூன்றாம் வகுப்புக் கேஷிகா, 'வீட்டில் ஒருவர் குறைந்தாலும் வீடு வீடாகாது' என்று ஒற்றுமையைப் பற்றிப் பேசியபோது குழி வெட்ட வந்தவர்களே மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு அழுதார்கள். பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆரம்பப் பிரிவு நிகழ்ச்சிக்கு இப்படி உருகும் பெற்றோரை எங்கும் பார்த்ததில்லை என்று என்னிடமே சொன்னார். விவரம் கேட்டார், வடிவேல் தலைவர் சொல்லிவிட்டார். உடனே அவர் மேடையேறி, மௌன அஞ்சலி செலுத்தச் சொல்லி, மறைந்த அதிபரின் நினைவாக இந்த ஆரம்பப் பிரிவு ஒருபோதும் இணைக்கப்படாது என்று அறிவித்தார். மேலதிகாரி பேசும்போது இடையில் குறுக்கிடுவது மரியாதை வாரத்தில் நாமே கற்பித்ததற்கு எதிரானது. பேசாமல் தலையைக் குனிந்து நின்றேன். பேச்சியம்மா எழுந்து, "மழைல நனைஞ்சு வர்ற புள்ளைக்கெல்லாம் தன் துண்டால தலை தொவட்டி விடுவாரே, இனி யாரு இருக்கா?" என்றார். தங்களைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தைகளை ஒரே இடத்தில் நான் கேட்டதில்லை. அக்கா, உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஜீப் முடக்கைத் தாண்டியதும் மைக்கைப் பிடித்து உண்மையைச் சொல்லிவிட்டேன். தாய்மார் வாயில் வைத்திருந்த சேலையை எடுத்தார்கள். பிறகு வடிவேல் தலைவர், "சாகலையா? அப்ப இந்த வளையத்த என்னா சார் செய்யிறது?" என்றார். "உன் கழுத்துல போட்டுக்க" என்றார் மற்றத் தலைவர். ஒற்றுமை அதோடு முடிந்தது. பேச்சியம்மா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்து, "பொய்ச் சாவு வந்தா ஆயுசு கெட்டி. நல்லா இருக்கட்டும் மனுசன்" என்று சொல்லிவிட்டுப் போனார். குழி வெட்ட வந்த ஆட்கள் கூட்டத்துக்கு முன்பே மைதான ஓரத்தில் பாதிக் குழி வெட்டிவிட்டார்கள். மண்ணைத் தள்ளி மூடுவது வீண் என்பதால் சூழல் வாரத்தில் அதில் ஒரு மரக்கன்று நட எண்ணியுள்ளோம். தாங்கள் வந்து தங்கள் கையாலேயே நட்டால் பொருத்தமாக இருக்கும்.

பணிப்பாளருக்கும் விஷயத்தைச் சொல்லிவிடப் போன் எடுத்தேன். கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். பாடசாலைதான் தப்பிவிட்டதே, அவசரமில்லை என்று வைத்துவிட்டேன்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து தவறாமல் விடவும். தாங்களும் அக்காவும் பல்லாண்டு சுகமாக வாழ முருகனை வேண்டும்,

அன்பு மைத்துனன்,
தரணிதரன்.

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வாகனம் வந்தது. பணிப்பாளரின் அறிக்கைப்படி அதிபர் பதவி திங்கட்கிழமையிலிருந்து வெற்றிடம். புதிய அதிபர் திருமதி லோஜினி இன்று காலை பொறுப்பேற்றுக்கொண்டார். தங்கள் குடையையும் சாப்பாட்டுப் பெட்டியையும் அலுவலக அறையிலிருந்து எடுத்து என் வீட்டில் வைத்திருக்கிறேன்.