குரங்குக்குப் பயந்து பூட்டிய பை

மலைக்குப் போகிறவனின் பையைப் பார்த்தாலே அவன் யாருக்குப் பயப்படுகிறான் என்று சொல்லிவிடலாம். மழைக்குப் பயந்தவன் பாலிதீன் உறை சுற்றியிருப்பான். பசிக்குப் பயந்தவன் அடுக்குப் பாத்திரம் வைத்திருப்பான். நான் வருங்கால மாமனாருக்கும் பாபநாசத்துக் குரங்குக்கும் ஒரே சமயத்தில் பயந்தவன். (அந்த இரண்டு பயத்துக்கும் சேர்த்து ஒரு பையை இதுவரை எவரும் தைக்கவில்லை.)

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை. பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, கேசரி சாப்பிட்டு, எங்கள் பக்கம் சம்மதமும் சொல்லியாகிவிட்டது. பெண் பெயர் காந்திமதி. அவளுக்கும் விருப்பம்தான் என்று கேள்வி. அவளுடைய அப்பா சங்கரலிங்கம் சார் மட்டும் பதில் சொல்லாமல் இருந்தார். பூகோள வாத்தியார் அவர். கடைசியில் தரகரிடம் இப்படிச் சொல்லி அனுப்பினார்: "பையன ஞாயித்துக்கெழம எங்ககூட மலைக்கு வரச் சொல்லுங்க. ஒரு நாள் சேந்து நடந்தா ஆளு எப்படின்னு தெரிஞ்சிரும்."

சாருக்கு ஒரு நடைக் குழு இருந்தது. ஆறேழு பேர், பெரும்பாலும் வாத்தியார்கள், கூடவே காந்திமதி. அவர்கள் சும்மா நடப்பதில்லை. சார் முன்கூட்டியே போய் ஒரு தகர டப்பாவைப் பாறை இடுக்கில் ஒளித்து வைத்துவிட்டு வருவார். மற்றவர்கள் திசைகாட்டியையும் அவர் சொல்லும் துப்பையும் வைத்து அதைத் தேட வேண்டும். கண்டுபிடித்தவர் டப்பாவுக்குள் இருப்பதில் ஒன்றை எடுத்துக்கொண்டு, பதிலுக்குத் தன்னிடம் உள்ள ஒன்றை வைக்க வேண்டும். (இப்போது செயற்கைக்கோளைத் துணைக்கு வைத்துக்கொண்டு உலகம் பூராவும் இதை விளையாடுகிறார்களாம். சார் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.)

ஆக, எனக்கு ஒரு பை வேண்டும். அம்மா பரணிலிருந்து வயர் கூடையை எடுத்து நீட்டினாள்.

"இதுக்கு என்னலே கொறச்சல்? ஒங்க அப்பா குத்தாலத்துக்கு இதுலதான் சோறு கொண்டுபோவாரு."

வயர் கூடையோடு போனால் நான் மாப்பிள்ளையாகத் தெரிய மாட்டேன், காய்கறி வாங்க வந்தவனாகத் தெரிவேன் என்று சொல்லிவிட்டு ஜங்ஷனில் ஒரு பைக் கடைக்குப் போனேன். மலை ஏறுவதற்குப் பை வேண்டும் என்றேன்.

"சபரிமலைக்கா? இருமுடி இங்கன கெடைக்காது வே" என்றார் கடைக்கார அண்ணாச்சி.

"சபரிமலை இல்ல அண்ணாச்சி. பாபநாசம்."

அவர் முகம் மாறியது. "யாரு தவறிட்டா?"

பாபநாசத்துக்கு ஒருவன் திதி கொடுக்கப் போவான், குளிக்கப் போவான், சாமி கும்பிடப் போவான். பை வாங்கிக்கொண்டு நடக்கப் போவான் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. பள்ளிக்கூடப் பை ஒன்றை எடுத்துப் போட்டார். அதில் ஒரு முயல் கேரட் தின்றுகொண்டிருந்தது. அதை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். பரீட்சையில் பல வருஷம் தேறாத பையனைப் போல இருந்தேன்.

எங்கள் தெருவில் குடியிருந்த சாகுல் அண்ணன் அப்போது ஷார்ஜாவிலிருந்து விடுப்பில் வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டவர், உள்ளே போய் ஒரு பையோடு வந்தார். கறுப்பு நிறம். அதில் எத்தனை ஜிப் என்று எண்ணுவதை நான் பாதியில் விட்டுவிட்டேன். முதுகில் மாட்டலாம், தோளில் தொங்கவிடலாம், கையில் பிடிக்கலாம்.

"ஒட்டகம் மிதிச்சாலும் கிழியாது தம்பி" என்றார். "அடுத்த வாரம் நான் இதக் கொண்டுக்கிட்டுத்தான் பிளைட் ஏறணும். பைய பாத்துக்கிடுங்க."

கூடவே குட்டியாக ஒரு பித்தளைப் பூட்டும் சாவியும் தந்தார். விமானத்தில் போகிறவர்கள் ஜிப்பின் இரண்டு முனையையும் சேர்த்துப் பூட்டுவது வழக்கம். மலையில் அதற்கு என்ன வேலை என்று நான் யோசித்திருக்க வேண்டும். ஆனால் அலுவலகத்தில் ஒருவர், பாபநாசத்துக் குரங்குகள் ஜிப்பைத் திறக்கப் பழகிவிட்டன என்று சொல்லியிருந்தார். அது போதுமே எனக்கு. உலகத்திலேயே நடைப்பயணப் பையைப் பூட்டிக்கொண்டு போன முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

அடுத்த கேள்வி, சாவியை எங்கே வைப்பது. சட்டைப் பையில் வைத்தால் குனியும்போது விழும். கால்சட்டைப் பையில் வைத்தால் குளிக்கும்போது கழற்றி வைக்க வேண்டும், அதைக் குரங்கு தூக்கிவிட்டால்? ஆகவே ஊக்கில் கோத்து என் அரைஞாண் கயிற்றில் மாட்டிக்கொண்டேன். சின்ன வயதிலிருந்து இடுப்பை விட்டு இறங்காத கயிறு. இதைவிடப் பத்திரமான இடம் ஏது? அன்று காலை என் புத்திசாலித்தனத்தை நினைத்து நானே பெருமைப்பட்டுக்கொண்டேன்.

பாபநாசத்தில் கோயில் முன்னால் எல்லோரும் கூடினோம். சாரின் பார்வை முதலில் என் மேல் விழவில்லை, பை மேல் விழுந்தது.

"என்னவே இது? ஒரு நாள் நடைக்கா, ஒரு வருசக் குடித்தனத்துக்கா?"

காந்திமதி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். சார் தன் பையைக் காட்டினார். பழைய கான்வாஸ் பை, ஒரு தலையணை அளவுதான். "பை முதுக ஒட்டி நிக்கணும். கனமான சாமான் முதுகுப் பக்கம் இருக்கணும். அவசரத்துக்கு வேணும்ங்கிறது கை எட்டுத தூரத்துல இருக்கணும். அம்புட்டுதான் சூத்திரம்."

நான் அந்தச் சூத்திரத்தைக் காதில் வாங்கவே இல்லை. எப்படியாவது நல்ல பெயர் வாங்கியாக வேண்டும் என்ற வெறியில் இருந்தேன். "சாப்பாட்டையெல்லாம் எங்கிட்ட குடுங்க. என் பையில எடம் இருக்கு" என்று எல்லோரிடமும் கேட்டு வாங்கினேன். புளியோதரைப் பொட்டலங்கள், பழம், முறுக்கு எல்லாம் உள்ளே போயின. சார் தயங்கினார். நான் விடவில்லை. அவர் முதுகிலிருந்து அந்தக் கான்வாஸ் பையை அப்படியே கழற்றி என் பைக்குள் இறக்கி, ஜிப்பை இழுத்துப் பூட்டினேன்.

"பூட்டு எதுக்கு?" என்றார் சார்.

"குரங்குக்கு சார்."

"ம்" என்றார். அந்த 'ம்'மை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அகத்தியர் அருவி வரை நன்றாகத்தான் போயிற்று. அங்கே ஆண்கள் எல்லோரும் குளிக்க இறங்கினோம். துண்டைக் கட்டிக்கொண்டு நேராக அருவிக்கு அடியிலேயே போய் நின்றேன், சார் பார்க்கிறாரே என்று. தண்ணீர் பொதேல் என்று இடுப்பில் இறங்கியது. கரையேறித் தலையைத் துவட்டிக்கொண்டே இடுப்பைத் தடவினேன். சாவி இல்லை. ஊக்கு இல்லை. கயிறே இல்லை. இத்தனை வருஷம் இடுப்போடு இருந்த அரைஞாணைத் தாமிரபரணி சாவியோடு சேர்த்து வாங்கிக்கொண்டது.

அந்த நேரத்தில் எனக்கு ஏற்பட்ட துக்கத்தை என்னவென்று சொல்வேன்? கல்யாணம் போய்விட்டது என்று அந்த ஈரத்துண்டோடு நின்றபடியே தீர்மானித்துவிட்டேன். ஏழெட்டுப் பேருடைய சாப்பாடு என் பைக்குள் இருக்கிறது, அதைத் திறக்க வழியில்லை. பையை வெட்டலாம் என்றால் அது சாகுல் அண்ணனுடையது, அடுத்த வாரம் விமானம் ஏற வேண்டியது. உண்மையைச் சொல்லலாம் என்றால், சாவி எங்கே இருந்தது என்று கேட்பார்கள். பெண்ணைப் பெற்றவரிடம், அதுவும் அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு, என் அரைஞாண் அறுந்த கதையை எப்படிச் சொல்வது?

ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. டப்பா கிடைத்த பிறகுதான் சாப்பாடு என்பது அந்தக் குழுவின் சட்டம். ஆகவே டப்பா கிடைக்கக் கூடாது என்று அகத்தியரை வேண்டிக்கொண்டு, கல்யாண தீர்த்தத்துக்கு ஏறும் படிகளில் ஏறினேன். கல்யாணத்தைத் தொலைத்துவிட்டுக் கல்யாண தீர்த்தத்துக்கு ஏறுகிற கொடுமையை நினைத்துக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

மேலே போனதும் சார் துப்பைச் சொன்னார். தண்ணீர்ச் சத்தம் இடது காதில் கேட்க, திசைகாட்டியில் தெற்கு பார்த்து நடந்து, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்த பாறைகளைத் தேட வேண்டும். எல்லோரும் தெற்கே போனார்கள். "இங்கன இருக்கும் போல இருக்கே" என்று நான் அவர்களை வடக்கே கூப்பிட்டேன். பாவம், புது ஆள் ஆர்வமாகத் தேடுகிறான் என்று இரண்டு பேர் வந்தும் விட்டார்கள். அவர்களை நன்றாக அலையவிட்டேன். வெயில் உச்சிக்கு வந்தது.

திரும்பி வந்தபோது சார் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். நெற்றி முழுக்க வியர்வை. விரல்கள் நடுங்கின. காந்திமதி அவர் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள்.

"அப்பாவுக்குச் சர்க்கர கொறையுது" என்றாள் என்னிடம். "காலைல மாத்திர போட்டிருக்காக. அவுக பையில குளுக்கோஸ் பிஸ்கெட் இருக்கு. எடுங்க."

அந்தப் பையைத்தான் நான் என் பைக்குள் போட்டுப் பூட்டியிருந்தேன்.

"சாவி இல்ல" என்றேன்.

"எங்க?"

"அருவியில போயிட்டு."

"சட்டையில வைக்கலயா?"

"அரைஞாண்ல கட்டியிருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது. வேறு யார் பையிலாவது தின்ன ஏதாவது இருக்கிறதா என்று தேடினார்கள். துண்டும் தண்ணீரும்தான் இருந்தன. மீதி எல்லாவற்றையும்தான் நான் வாங்கி வைத்துவிட்டேனே. ஒரு வாத்தியார் கல்லால் பூட்டை அடித்தார். கல் உடைந்தது. நான் ஜிப்பைப் பல்லால் கடித்து இழுத்தேன். ஒட்டகத்துக்கே அசையாத பை என் பல்லுக்கா அசையும்? சாரின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. ஒரு நல்ல மனிதரை என் நல்ல பெயருக்காகக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன்.

"டப்பா எங்கப்பா இருக்கு?" என்று காந்திமதி குனிந்து கேட்டாள். சார் ஒரு பக்கம் கையைக் காட்டினார். விளையாட்டின் விதியை அவர் மீறியது அந்த ஒரு முறைதான் என்று பிறகு சொன்னார்கள். அவள் ஓடினாள், பாறை இடுக்கில் கையை விட்டாள், டப்பாவோடு வந்தாள். உள்ளே ஒரு கோலிக்குண்டு, ஒரு சோழி, ஒரு பேனாக்கத்தி.

கத்தியை விரித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "பை ஒங்களுதா?"

"இல்ல. இரவல்."

ஒரு நொடி பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். துணியைத் தொடவில்லை. ஜிப்பை ஒட்டி ஓடும் தையலை மட்டும், நூல் நூலாக, நெம்பி அறுத்தாள். கை நுழைகிற அளவு திறந்ததும் பிஸ்கெட்டை எடுத்து அப்பா வாயில் வைத்தாள். பின்னாலேயே பழம். எல்லோரும் அவர் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தோம். மெல்ல மெல்ல அவர் விரல்களில் நடுக்கம் அடங்கியது.

அவர் முதலில் பேசியது என்னிடம்தான். "கத்திய எடுத்தாச்சுல்லா. பதிலுக்கு எதாச்சும் வையும் வே." என் சட்டைப் பையில் இருந்தது ஒரு புதுச் சீப்பு மட்டும்தான், காந்திமதி பார்க்கும்போது தலை வாரிக்கொள்ள வாங்கியது. அதை வைத்தேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். சாருக்குச் சர்க்கரை குறைந்ததைக் கேட்டு அம்மா உச்சுக் கொட்டினாள். அரைஞாண் போனதைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டாள். "மூளியா நிக்கியேல" என்று அரற்றிக்கொண்டே அப்போதே ஒரு கறுப்புக் கயிறு கொண்டுவந்து கட்டினாள். சாகுல் அண்ணன் அறுந்த தையலை வெகுநேரம் பார்த்தார். "இது பிள்ள அறுத்ததா? துணியில ஒரு கீறல் இல்ல. இந்தப் பிள்ளய விட்றாதீங்க தம்பி" என்றார். தையற்கடையில் கொடுத்துத் தைத்து, அதே பையோடுதான் அவர் விமானம் ஏறினார்.

சாரிடமிருந்து பதில் வரச் சில வாரம் ஆயிற்று. சம்மதம் என்றே வந்தது. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காந்திமதியைக் கேட்டால், "நீங்க அழுதியள்ளா, அதான்" என்கிறாள். ஆனால் அன்றிலிருந்து மாமா என்னோடு எங்கே கிளம்பினாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவார். எங்கள் கல்யாணத்தன்று மண்டபத்துக்கு வருமுன்பே வீட்டில் இட்லி சாப்பிட்டவர் அவர். தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குக் கூப்பிட்டால்கூட, "மாப்ள வாராருல்லா" என்று இலையைப் போடச் சொல்வார். அதைப் பார்த்து அந்த வீட்டுக் குழந்தைகள் வரை சிரிக்கும்.

போன மாதம் ரத்தப் பரிசோதனைக்கு அவரை நான்தான் அழைத்துப் போனேன். வெறும் வயிற்றில் வர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே நர்ஸ், "சாப்பிடாமத்தானே வந்திருக்கீங்க தாத்தா?" என்று கேட்டாள்.

மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இவருகூட வரும்போது எப்படிம்மா சாப்பிடாம வாரது?" என்றார்.