விசா பாவாவும் தணிகாசலத்தின் தலையும்

உலகத்தில் எந்த நாடானாலும் சரி, யாரை உள்ளே விடுவது, யாரை வாசலோடு திருப்பி அனுப்புவது என்பதை அந்தந்த நாட்டு அரசாங்கம் முடிவு செய்வதில்லை, திருத்தணி மலையடிவாரத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த விசா பாவாதான் முடிவு செய்கிறார் என்று எழுபதுகளில் எங்கள் ஊரில் பாதிப்பேர் நம்பினார்கள். மீதிப்பேர் நம்பவில்லை. அவர்களுக்கு விசா வரவில்லை.

இத்தனைக்கும் பாவா அந்தப் பக்கம் அரக்கோணத்தையும் இந்தப் பக்கம் ரேணிகுண்டாவையும் தாண்டியவர் அல்ல. ரேணிகுண்டாவுக்குப் போனதுகூடப் பெண் பார்க்கத்தான். பார்த்த பெண்ணையே கட்டிக்கொண்டு வந்துவிட்டதால் மறுபடி எங்கேயும் போக வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. அந்த அம்மாளின் தம்பிகள் தெலுங்கு வழக்கப்படி அக்கா புருஷனை ‘பாவா, பாவா’ என்று கூப்பிட, அதைக் கேட்டுத் தெருவே கூப்பிட ஆரம்பித்தது. ஒருமுறை அவருடைய மாமியாரே வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாராம். நிஜப் பெயர் என்ன என்று நான் கேட்டதற்கு, “கரண்டு பில்லுல கீது, போய்ப் பாத்துக்க” என்றார். நான் போய்ப் பார்க்கவில்லை.

முதலில் அவருக்கு மொட்டைத் தலைகள்தான் வியாபாரம். மலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டு, சந்தனம் பூசிய தலையோடு குடும்பம் குடும்பமாக வந்து படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு பொதட்டூர்பேட்டைக்காரர்களும் கனகம்மாசத்திரத்துக்காரர்களும் மஸ்கட், துபாய், குவைத் என்று கிளம்ப, பாஸ்போர்ட் தலைகள் வர ஆரம்பித்தன. பாவா ஆளே மாறிப்போனார். பின்னால் தொங்கிய அருவிப் படுதாவைக் கழற்றிவிட்டு விமானப் படுதா மாட்டினார். விமானத்தின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த பைலட்டுக்கு அசப்பில் பாவாவின் முகம்.

போட்டோ எடுக்க வேண்டும் என்று யாராவது போனால், முதல் கேள்வியே “எந்த நாடு?” என்பதுதான்.

“பஸ் பாஸுக்குங்க.”

“ஆங், ஒக்காரு” என்பார், சுரத்தே இல்லாமல். மஸ்கட் என்று சொல்லிவிட்டாலோ, காமிராவை மூடிவிட்டு டீ சொல்லிவிடுவார். அப்புறம் படம் எடுக்க மத்தியானம் ஆகும்.

நான் அப்போது பி.ஏ. முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். எங்கே உட்கார்ந்து காத்திருந்தாலும் அதே காத்திருப்புதானே என்று பாவாவின் ஸ்டூடியோ பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெளிநாடு கிளம்புகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு அவர் சொன்ன பதில்களில் எது சரி, எது சுத்தப் புளுகு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்றுகூட மறக்கவில்லை.

“பாவா, பாஸ்போர்ட்டுதான் வந்துடுச்சே, அப்பால விசா எதுக்கு?”

“பாஸ்போர்ட்டு உங்க ஊட்டுக் கதவு. அதத் தொறந்துகினு நீ வெளிய வந்துடலாம். விசா எதிரூட்டுக் கதவு. அத அவன்தான் தொறக்கணும். நீ பாட்டுக்கு ஒதச்சிகினு உள்ள போவ முடியுமா?”

“போனவன் அங்கியே இருந்துடலாமா?”

“கல்யாணத்துக்குப் போனா சாப்ட்டு வருவியா, பந்தியிலியே பாய் போட்டுப் படுப்பியா? உள்ள வுடற சீட்டு வேற, தங்க வுடற சீட்டு வேற. ரெண்டாவது சீட்ட வேலை குடுக்கறவன் வாங்கித் தரணும். வேலை போச்சின்னா சீட்டும் போச்சி.”

“இருவது முப்பது வருஷம் இருந்தா, அந்த ஊருக்காரனா ஆயிடலாமில்ல?”

“எத்தினி வருஷம் ஆனாலும் மாப்பிள மாப்பிளதான், நைனா. ஊட்டுக்காரனா ஆவ முடியாது. நானே மாமியார் ஊட்ல இன்னும் மாப்பிளயாத்தான் கீறன்.”

பதில் சொல்லி முடித்த பிறகு ஒத்திகை. குழந்தைகளுக்குப் போட்டுப் படம் எடுப்பதற்காக ஒரு போலீஸ் தொப்பி வைத்திருந்தார். அது அவர் தலையில் பாதிதான் ஏறும். அதை மாட்டிக்கொண்டு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தாரென்றால் அவர் பாவா இல்லை, விமான நிலைய அதிகாரி. “நாம் க்யா? கிதர் ஜாதா?” என்று பேரையும் போகிற இடத்தையும் அவருக்குத் தெரிந்த முழு இந்தியில் ஒரே மூச்சில் கேட்டுவிடுவார். கண்ணுக்குக் கண் பார்த்து, தலை நிமிர்ந்து, கணீரென்று பதில் சொன்னால் முஷ்டியை மடக்கி மேஜைமேல் ‘டொம்’ என்று ஒரு குத்து. அதுதான் முத்திரை. தடுமாறினால் குத்து கிடையாது. “போய் மல ஏறி எறங்கி வா, தெம்பு வரும்” என்று அனுப்பிவிடுவார்.

அந்த ‘டொம்’ ஒருமுறைகூட வாங்காத ஒரே ஆள், என் அக்கா புருஷன் தணிகாசலம் மாமா.

மாமா பொதட்டூர்பேட்டையில் லுங்கித் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர். நூல் விலை ஏறிப்போய், தறி நின்று, வீட்டில் சத்தமே இல்லாமல் போனது. தையல் தெரியும் என்பதால் மஸ்கட்டில் இருந்த சிநேகிதர் ஒருவர் தையல் கடை வேலைக்கு விசா ஏற்பாடு செய்தார். மாதக் கடைசிக்குள் போய் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் விசா செல்லாது. இன்னொன்று கிடைக்கும் என்று அக்காவுக்கு நம்பிக்கையில்லை, எனக்கும் இல்லை.

அதற்கும் முன்னால் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தது, விண்ணப்பம் எழுதியது எல்லாம் பாவாதான். படம் எடுத்தால் நெகடிவில் பென்சிலால் டச்சப் செய்யாமல் அவருக்குக் கை நிற்காது. மாமாவுக்கு நெற்றியில் ஒரு சுருள் முடி, காதுவரை கிருதா, இருந்த மீசையை இரண்டு மடங்கு என்று அள்ளிக் கொடுத்துவிட்டார். படத்தைப் பார்த்த அக்காவே வெட்கப்பட்டாள்.

விண்ணப்பத்தில் அங்க அடையாளம் எழுதும் இடத்தில்தான் சிக்கல். மச்சம் ஒன்றும் உருப்படியாகத் தேறவில்லை. மாமாவின் அம்மா, எனக்கு அத்தை முறை, யோசித்துவிட்டுச் சொன்னார்: “சின்னதுல தறியாண்ட நின்னுகினு இருந்தான். நாடா எகிறி வந்து உச்சந்தலையில அடிச்சிது. பொளந்துகினு ஒரே ரத்தம். தழும்பு அப்பிடியே கீது.” நாடா என்றால் தறியில் நூலை இழுத்துக்கொண்டு இங்கும் அங்கும் ஓடுகிற கட்டை. பட்டால் மண்டை தாங்காது.

“முடிக்குள்ள கீற தழும்ப எவன் பாக்கப் போறான்?” என்று பாவா முணுமுணுத்துக்கொண்டேதான் எழுதினார்.

ஒத்திகையில் மாமா படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. தொப்பியைப் பார்த்ததுமே இரண்டு கையையும் கூப்பி, தலையை மடார் என்று குனிந்துவிடுவார். பிறந்ததிலிருந்து முதலாளி, மணியக்காரர், குருக்கள் என்று யாரைப் பார்த்தாலும் அப்படிக் குனிந்து பழகிய முதுகு.

“குனியாதய்யா! ஆபீசரு இன்னா சாமியா? தலயத் தூக்கு!”

“சரிங்க பாவா” என்று சொல்லிவிட்டு அதற்கும் ஒருமுறை குனிவார். அத்தனை ஒத்திகையிலும் பாவா பார்த்தது மாமாவின் உச்சியைத்தான்.

பம்பாய் போய் விமானம் பிடிக்க ரயிலேறுவதற்கு முதல் நாள் காலை, சந்தனம் பூசிய ஒரு வழுவழு மொட்டை ஸ்டூடியோவுக்குள் வந்து நின்று சிரித்தது. மீசையும் இல்லை. பாவா நிமிர்ந்து பார்த்து, “குடும்பத்தோட எடுக்கணுமா, தனியாவா?” என்றார்.

“பாவா, நாந்தான்.”

“நாந்தான்னா? யாருப்பா நீ?”

“தணிகாசலங்க.”

பாவாவின் கையிலிருந்த டீ கிளாஸ் அந்தரத்திலேயே நின்றது. மாமா சந்தோஷமாக விவரம் சொன்னார். விசா வந்தால் முழு மொட்டை என்று அத்தை முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தாராம். முழு மொட்டை என்று சொல்லிவிட்டதால் மீசையையும் விடக்கூடாது என்று மலைமேல் நாவிதர் சொல்லிவிட்டாராம்.

“அடப்பாவி! போட்டோ எடுத்த எனக்கே அடையாளம் தெரியலியே. பம்பாய்ல கீறவனுக்கு எப்பிடிய்யா தெரியும்? வேற ஆளு பாஸ்போர்ட்டுன்னு புடிச்சி வச்சிக்குவானே!” என்று பாவா கத்தினார். அப்போதுதான் மாமாவின் கை தானாகத் தலைக்குப் போய்த் தடவிப் பார்த்தது.

சேதி தெரிந்து அக்கா அலறியடித்துக்கொண்டு வந்தாள், பின்னாலேயே அத்தையும். அத்தை மட்டும் அசரவில்லை. “முருகன் பாத்துக்குவாரு” என்றார்.

“முருகன் பாத்துக்குவாரு, சரி. ஆபீசரு பாத்துட்டா இன்னா பண்றது?” என்றார் பாவா.

கனகம்மாசத்திரம் நாடகக்காரர்களிடமிருந்து ஒரு டோப்பா வரவழைத்தார். அது தோள்வரை சுருள் சுருளாக இறங்கியது. வைத்துப் பார்த்துவிட்டு, “இந்தத் தலைக்குத் தேவலோகத்துக்குத்தான் விசா குடுப்பான்” என்று கழற்றி எறிந்தார். அடுத்து டச்சப் பென்சிலை எடுத்து நேராகத் தலையிலேயே வரைய ஆரம்பித்தார். நல்ல வெயில் காலம். வியர்வையில் கிருதா கரைந்து கழுத்துக்கு வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் அக்கா வாயைத் திறந்தாள். “பாவா, தறி நின்னதுலேர்ந்து புள்ளைங்க ரெண்டாவது தபா சோறு கேக்கறதில்ல. எங்க இல்லன்னு சொல்லிடப் போறேனோன்னு அதுங்களுக்கே பயம். இதுவும் போச்சின்னா நான் எங்க போவேன்?”

பாவா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். “பாதி தப்பு என்னுது. அந்த மீசைய அம்மாம் பெருசா போட்டிருக்கக்கூடாது” என்றார். பிறகு, “நானும் பம்பாய் வரேன். ஆபீசரு கேட்டா, படம் எடுத்தவன் நாந்தான், இவன்தான் அவன்னு சொல்றேன்” என்றார்.

ரேணிகுண்டாவையே தாண்டாத மனுஷன்! மறுநாள் மாமாவோடு பாவாவும் நானும் ரயிலேறினோம். ரேணிகுண்டா தாண்டியதும் பாவா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “இதுக்கு அப்பால எனக்குப் பழக்கமில்ல” என்றார். பம்பாய்வரை விடவில்லை. போகும் வழியெல்லாம் மாமாவுக்கு ஒரே பாடம்: “தலயக் குனியாத. தலயக் குனியாத. தலயக் குனியாத.” மாமா ஒவ்வொரு முறையும் குனிந்து சரி என்றார்.

விமான நிலையத்தில் பாவாவை யார் உள்ளே விடுவார்கள்? “நான் போட்டோகிராபர், திருத்தணி” என்று காவலரிடம் சொல்லிப் பார்த்தார். அந்தக் காவலருக்குத் திருத்தணியும் தெரியவில்லை, பாவாவின் இந்தியும் புரியவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் மூக்கைப் பதித்துக்கொண்டு நின்றோம். அந்தப் பக்கம் நடப்பது தெரிந்தது, ஒரு சத்தமும் கேட்கவில்லை.

மாமாவின் முறை வந்தது. அதிகாரி படத்தைப் பார்த்தார், மொட்டையைப் பார்த்தார். மறுபடி படம், மறுபடி மொட்டை. பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் படத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். முதல் அதிகாரி எழுந்து நின்றார். தலையில் தொப்பி.

“குனிஞ்சிடாதே, தணிகாசலம்… குனிஞ்சிடாதே…” என்று பாவா கண்ணாடியிடம் கெஞ்சினார்.

மாமா இரண்டு கையையும் கூப்பி, மடார் என்று குனிந்துவிட்டார்.

“போச்சி!” என்று பாவா கண்ணை மூடிக்கொண்டார்.

நான் மூடவில்லை. அதிகாரியின் மூக்குக்கு நேரே மாமாவின் உச்சந்தலை. அதில் வெள்ளையாக, நீளமாக, நாடா போட்ட தழும்பு. அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார், எதையோ படித்தார், ஒரு விரலை நீட்டி அந்தத் தழும்பைத் தொட்டே பார்த்தார். சிரித்துவிட்டார். பக்கத்து மேஜைக்காரரும் ஒருமுறை தொட்டுப் பார்த்துச் சிரித்தார். பிறகு முதல் அதிகாரி முத்திரையைக் கையில் எடுத்தார்.

“பாவா, கண்ணத் தொறங்க! குத்தறாரு!”

உள்ளே முத்திரை விழுந்த அதே நொடியில், எனக்குப் பக்கத்தில் கண்ணாடி அதிர ‘டொம்’ என்று ஒரு சத்தம். பாவாவின் முஷ்டி. காவலர் ஓடி வந்து எங்களை அங்கிருந்து துரத்தினார்.

தெருவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு பாவா சொன்னார்: “நல்லவேள, நான் சொன்னத அவன் கேக்கல. கேட்டிருந்தான்னா இந்நேரம் நம்மகூட நின்னுகினு இருப்பான்.” சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று நான் எடுத்துப் பார்க்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் ஸ்டூடியோ வாசலில் பலகை எழுதி மாட்டினார்: ‘வெளிநாட்டு வேண்டுதல் மொட்டை, திரும்பி வந்த பிறகே. இப்படிக்கு, பாவா.’

மலையிலிருந்து குருக்கள் இறங்கி வந்தே கேட்டார். “என்ன ஓய், சுவாமிக்கே தவணை சொல்றீராமே?”

“சாமி, இப்பவே முடி குடுத்துட்டா அவன் போவறதே சந்தேகம். வந்து குடுக்கறன்னு வேண்டிகினா, போயும் ஆவான், திரும்பி வந்தும் ஆவணும். முருகனுக்கு எது வசதின்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க.”

குருக்கள் மலையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையிலிருந்த விபூதியைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து எங்கள் பக்கத்து ஆட்கள் வெளிநாட்டிலிருந்து வந்தால் முதலில் மலை, அப்புறம் பாவா ஸ்டூடியோ, மூன்றாவதாகத்தான் பெண்டாட்டி பிள்ளை.

மாமாவும் சில வருஷம் கழித்து அப்படித்தான் வந்தார். கன்னம் உப்பி, கறுப்புக் கண்ணாடி போட்டு, புது மொட்டையோடு, சொல்லாமல் கொள்ளாமல் ஸ்டூடியோவுக்குள் வந்து நின்றார். நானே ஒரு நொடி தடுமாறினேன்.

பாவா தலையைக்கூட முழுதாக நிமிர்த்தவில்லை. “வா தணிகாசலம், ஒக்காரு” என்றார்.

“எப்பிடி பாவா கண்டுபுடிச்சீங்க?”

“ஒரு தபா யாருன்னு கேட்டுட்டு நான் பட்ட பாடு போதும். இனிமே உன் மூஞ்ச மறப்பனா?”

அன்று எடுத்த படத்தில், தழும்புமேல் பாவாவின் பென்சில் படவே இல்லை. அதைத்தான் பெரிதாக்கி வாசலில் மாட்டினார்.

பிற்பாடு எனக்கும் வெளிநாட்டு வேலை வாய்த்தது. எத்தனையோ அதிகாரிகள் என் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறார்கள். பாவா இப்போது இல்லை. ஆனாலும் முத்திரை விழும்போதெல்லாம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூக்கைப் பதித்துக்கொண்டு நிற்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நான் உள்ளே போகிறேன்.