காக்காவின் பெட்டியை அழித்த கதை

அன்பு மகன் இன்பாஸுக்கு,

டோஹாவில் நீ நலமாயிருக்க துஆச் செய்தபடி கலீல் சாச்சா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

போன லீவில் நீ சொன்னாய்: பெரிய வேலையைத் துண்டு துண்டாகப் பார்க்கக் கூடாது, முதலில் முழு வேலைக்கும் கணினியில் ஒரு மாதிரி வரைய வேண்டும், ஒவ்வொன்றும் ஒரு பெட்டி, எது எதில் தங்கியிருக்கிறதோ, அதாவது எது இல்லாமல் எது நடக்காதோ, அதற்கு ஒரு கோடு, ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடமும் தானாக மாறும் என்று. சீனன்குடாவில் எண்ணெய்க் குழாய்களோடு சீவியம் போக்கிய எனக்கு அது தேனாக இனித்தது. மகள் ஷிஃபானாவின் கலியாணத்தையே வரைந்துவிட்டேன். மாப்பிள்ளை, மௌலவி, கதிரை, சமையல் எல்லாம் பெட்டி. உன் சாச்சி பரீனாவையும் ஒரு பெட்டியில் போட்டதற்கு அவ கொஞ்ச நாள் என்னோடு கதைக்கவேயில்லை. அழைப்பையும் அந்தக் கணினி மாதிரியே எல்லோருடைய போனுக்கும் அனுப்பியது. உன் வாப்பாவுக்கும் அனுப்பிவிட்டது. கூடப்பிறந்த மூத்தவர், என் காக்கா, அவருடைய வீட்டுக்கு நேரில் போய், பிளேன்ரீ குடித்து, வாயால் சொல்ல வேண்டும் என்பதற்கு நான் கோடு போடவில்லை. “தம்பிட மகள்ற கலியாணத்துக்கு எனக்குப் போனில சேதியா? நான் வரமாட்டன்” என்று சொல்லியனுப்பினார். எனக்கும் கோபம் ஏறி அவருடைய பெட்டியை அழித்தேன். இதில் தங்கியிருப்பவையும் நீங்கும், சம்மதமா என்று அது மரியாதையாகத்தான் கேட்டது. ஓம் என்று தட்டினேன்.

சமையலுக்குப் பக்கீரைப் பிடித்தது காக்கா. மூதூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரை ஏற்ற பஸ் பேசியது காக்கா. பள்ளியில் சஹன் தட்டுக் கேட்டு வைத்ததும் அவரே. அத்தனை பேருக்கும் கணினியிலிருந்து தானாக ‘தேவையில்லை’ என்று சேதி போயிருக்கிறது. கலியாணத்தன்று மாப்பிள்ளை மூதூர்ச் சந்தியில் கோட்டு சூட்டோடு வெயிலில் நின்றார். இங்கே கை கழுவிய சனம் வெறும் பாயில் வட்டமாக இருந்தது. கடைசியில் கடைப் பார்சல்தான் வந்தது. ஒரே சஹனில் கை போட்டுச் சாப்பிட வேண்டியவர்கள் ஆளுக்கொரு பார்சலை மடியில் வைத்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள். ஷிஃபானா சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “பெரிய வாப்பா எங்க, வாப்பா?” என்றுதான் கேட்டாள்.

இப்போது உன் வாப்பா எனக்கு முகம் கொடுக்கிறாரில்லை. பள்ளியில் நான் நிற்கும் வரிசையை விட்டு அடுத்த வரிசைக்குப் போகிறார். பிழை என்னுடையதுதான், மகன். நீ அவருக்குப் போன் எடுத்து, சாச்சா மிகவும் மனம் நொந்திருக்கிறார் என்று பதமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

நீ வரையும் கோடுகளாவது நேராக அமைய அல்லாஹ் அருள்வானாக.

உன் சாச்சா,
கலீலுர் றஹ்மான்

பி.கு.: இதை வாசித்த சாச்சி, “காக்காட வீடு பின் ஒழுங்கையில, நாலு எட்டில இருக்கு. நீங்க டோஹாவால சுத்திப் போறீங்க” என்கிறா. மேலே கேட்டதை விட்டுவிடு; நீ போன் எடுக்க வேண்டாம். சேர்ட்டைப் போட்டுக்கொண்டேன். பிளேன்ரீ தருவாரோ தெரியாது. தரும்வரை அங்கேயே இருப்பேன்.