ஒரு முழ இடைவெளி

துரைக்கண்ணுவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. மூட்டை தூக்கி வந்த வலியென்றால் எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, நாலு பேரைத் திட்டித் தீர்த்துவிடலாம். இது சும்மா உட்கார்ந்து வந்த வலி. நேர்வழி நாட்டில் சும்மா உட்காருவதற்கும் சம்பளம் உண்டு. அரண்மனையில் அது பழைய வழக்கம். லாரிக்கு அப்போதுதான் வந்திருந்தது.

அந்த நாட்டு லாரிகளுக்கு ஓட்டுநர் கிடையாது. முதல் லாரி போகும். அதன் முதுகைப் பார்த்துக்கொண்டே இரண்டாவது போகும். இரண்டாவதின் முதுகைப் பார்த்து மூன்றாவது. முன்னால் போவது திரும்பினால் பின்னால் வருவதும் திரும்பும். ஏன் என்று கேட்காது. மந்திரிகளுக்கு அந்த லாரிகளை முதல் பார்வையிலேயே பிடித்துப்போனது.

ஒரே ஒரு குறை. யார் மீதாவது ஏறிவிட்டால் யாரைப் பிடிப்பது? லாரியை அடைக்கும் அளவுக்குச் சிறையில் இடமில்லை. லாரி முதலாளியைப் பிடிக்கலாமே என்றார் ஒரு மந்திரி. அதற்குப் பிறகு அவரை மந்திரிசபையில் யாரும் பார்க்கவில்லை. கடைசியில், ஒவ்வொரு தொடரின் முதல் லாரியிலும் ஓர் ஆள் உட்கார வேண்டும், அவருக்குப் ‘பொறுப்பாளர்’ என்று பெயர் என்று சட்டம் வந்தது. பாதி ஆயுளை லாரி ஓட்டிக் கழித்துவிட்டு, வேலை போய் நின்ற துரைக்கண்ணுவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். ஸ்டீயரிங் இல்லை, பிரேக் இல்லை, ஹாரன்கூட இல்லை.

“எனக்கு என்ன சார் வேலை?”

“பொறுப்பேற்பது,” என்றார் அதிகாரி. “அதற்குக் கை கால் தேவைப்படாது.”

துரைக்கண்ணுவின் ஊர் சுக்காம்பட்டி. நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம் வீடுகள், அந்தப் பக்கம் கிணறு. லாரிகளை மனிதர்கள் ஓட்டிய காலத்தில் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வெறுங்குடம் குறுக்கே வந்தால் சகுனம் சரியில்லை என்று எந்த டிரைவரும் வண்டியை ஓரங்கட்டிவிடுவான். பெண்கள் சாலையைத் தாண்டிப் போய், நீர் இறைத்து, நிறைகுடத்தோடு திரும்பும்வரை டீக்கடையில் கிடப்பான். நிறைகுடத்தைப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுப்பான். மூடநம்பிக்கைதான். அந்த மூடநம்பிக்கையில்தான் சுக்காம்பட்டியில் உலை கொதித்தது. டிரைவரும் கொஞ்சம் கண்ணயர்ந்தான்.

ஆளில்லாத லாரிக்குச் சகுனம் தெரியாது. ஆனாலும் தொடக்கத்தில் ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே நல்ல தூரம் இருந்தது. பெண்கள் ஓடிக் கடந்தார்கள். அந்தத் தூரத்தைப் பார்த்து முதலாளிக்கு வயிறெரிந்தது. அவர் மன்னரைப் போய்ப் பார்த்தார். மறுவாரமே ஆணை வந்தது: லாரிக்கும் லாரிக்கும் இடைவெளி இனி ஒரு முழம். முழத்துக்கு மேல் விடுவது குற்றம். பக்கவாட்டில் பார்ப்பதும் குற்றம். முன்னால் போகும் முதுகைப் பார்ப்பதே லாரிக்கு அழகு.

ஆணையை விளக்கச் சாலை அமைச்சர் அறவாழிப்பெருந்தகை சுக்காம்பட்டிக்கே வந்தார். குடை பிடிக்க ஒருவர், கைதட்ட நால்வர்.

“இடைவெளி என்பது வீண்வெளி,” என்றார் அமைச்சர். “அதில் காற்று புகுகிறது. டீசல் கரைகிறது. இந்நாட்டின் வளர்ச்சி அந்தச் சந்து வழியாகத்தான் ஒழுகிக்கொண்டிருந்தது. அடைத்துவிட்டோம்.”

“நாங்களும் அந்தச் சந்து வழியாத்தான் சாமி போய்வந்துக்கிட்டிருந்தோம்,” என்றாள் துரைக்கண்ணுவின் மனைவி செவந்தி.

“ஒரு முழம் விட்டிருக்கிறோமே அம்மா. பெண்கள் மெல்லியவர்கள்தானே.”

அடுத்த வீட்டு ராக்காயி மண் சுமக்கிறவள். வாயும் அந்தக் கனத்துக்கு இருக்கும். “மொதல்ல உங்க வயித்த அந்த முழத்துக்குள்ள விட்டுக் காட்டுங்க. நீங்க அந்தப் பக்கம் போய்ச் சேந்துட்டா நாங்க பின்னாடியே வர்றோம்.”

அமைச்சர் சிரித்தார். மக்கள் ஆணையை நகைச்சுவை உணர்வோடு வரவேற்றதாகக் குறிப்பெழுதப்பட்டது.

கிணறு கண்ணுக்குத் தெரிந்தது, கைக்கு எட்டவில்லை. ஊர் கூடிப் போய்க் கூப்பாடு போட்டது. தேர்தல் நெருங்கிய நேரம் என்பதால் அரசுக்கும் காது கேட்டது. இரண்டாவது ஆணை பிறந்தது: ஒவ்வொரு லாரித் தொடரின் வாலுக்குப் பின்னாலும் ஓர் ஊரே கடந்துபோகும் அளவுக்கு இடைவெளி விடப்பட வேண்டும். சுக்காம்பட்டியில் வெடி வெடித்தார்கள். ஓட்டும் போட்டார்கள்.

லாரி முதலாளி சட்டத்தை மீறுகிற ஆள் இல்லை. நாட்டிலிருந்த எல்லாத் தொடர்களையும் ஒன்றோடொன்று சேர்த்தார். துறைமுகத்திலிருந்து கிளம்பித் தலைநகரைச் சுற்றி மறுபடி துறைமுகம் வரும் சாலை அது. தலையைக் கொண்டுபோய் வாலுக்குப் பின்னால், ஒரு முழம் விட்டு, நிறுத்தினார். இப்போது ஒரே தொடர். வட்டம். வாலே இல்லாத தொடருக்கு வாலுக்குப் பின்னால் எதை விடுவது? சட்டம் எழுத்துப் பிசகாமல் காக்கப்பட்டதென்று மன்னர் அவருக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார்.

வட்டம் நிற்காது. ஒன்று நின்றால் எல்லாம் நிற்க வேண்டும். சரக்கை ஓடஓடவே ஏற்றினார்கள், ஓடஓடவே இறக்கினார்கள். மற்றப் பொறுப்பாளர்களை, தேவையில்லை என்று, கொக்கி போட்டுத் தூக்கி இறக்கினார்கள். சட்டத்துக்கு ஓர் ஆள் போதும். அந்த ஓர் ஆளாகத் துரைக்கண்ணு மிஞ்சினான். சோற்றுப் பொட்டலம் கொக்கியில் வந்தது. காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் தன் வீட்டைக் கடந்து போனான்.

சுக்காம்பட்டி தண்ணீர் கேட்டு மறுபடி அழுதது. அரசுக்கு மனம் இளகியது. ஒரு லாரித் தண்ணீர் ஒதுக்கினார்கள். துரைக்கண்ணு உட்கார்ந்திருந்த லாரியிலேயே தொட்டியை ஏற்றி, குழாய் போட்டு நிரப்பிப் பூட்டினார்கள். லாரி சுக்காம்பட்டிக்கு வந்தது. போனது. நின்றால் முழம் கெடும், விலகினால் இடைவெளி விழும். இரண்டும் குற்றம். முதுகுக்குப் பின்னால் தண்ணீர் தளும்பத் தளும்ப, துரைக்கண்ணு தன் ஊரைத் தினமும் பார்த்துக்கொண்டே போனான். தலைநகரில் பலகை வைத்தார்கள்: ‘சுக்காம்பட்டிக்குத் தண்ணீர் செல்லாத நாளே இல்லை.’ அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

ஒருநாள் சாயங்கால மங்கலில், சுக்காம்பட்டியைத் தாண்டும்போது லாரி லேசாகத் தூக்கிப் போட்டது. டயர் கல்லில் ஏறினால் ஒரு மாதிரி தூக்கும். இது அந்த மாதிரி இல்லை. கால் தானாகப் போய் இல்லாத பிரேக்கை மிதித்தது.

மறுநாள் விசாரணை நடந்தது. வட்டத்தை நிறுத்த முடியாததால் நீதிமன்றம் ஜீப்பில் கூடவே ஓடியது. அமைச்சர் ஒலிபெருக்கி பிடித்திருந்தார். லாரி முன்னால் போன லாரியைப் பின்பற்றியது என்றது நிறுவனம். நிறுவனம் ஆணையைப் பின்பற்றியது, ஆணை மன்னரைப் பின்பற்றியது. மன்னரிடமிருந்து ஓலை வந்திருந்தது: ‘யாம் மக்களைப் பின்பற்றுகிறோம்.’ மக்கள் யாரைப் பின்பற்றுகிறார்கள் என்று கேட்கவே வேண்டாம். போன தேர்தலில்தான் மன்னரைப் பின்பற்றியிருந்தார்கள்.

“சட்டப்படி முதல் லாரியின் பொறுப்பாளரே குற்றவாளி,” என்றார் அமைச்சர்.

எழுத்தர் தயங்கினார். “ஐயா, வட்டத்தில் முதல் எது?”

“ஆள் இருப்பது எதுவோ அது.”

“அப்படியானால் அதற்கு முன்னால் போவது வாலாகிறது. வாலுக்குப் பின்னால் ஊர் கடக்க இடைவெளி விட்டிருக்க வேண்டுமே ஐயா.”

ஜீப் ஒரு மைல் ஓடும்வரை அமைச்சர் யோசித்தார். “தண்டனைக்கு இவர் முதல். இடைவெளிக்கு இவர் நடு. எழுதும்.”

எழுதினார். அதே லாரியில், அதே இருக்கையில், சம்பளமில்லாமல் ஆயுள் முழுக்க. கதவை வெளியிலிருந்து பூட்டினார்கள். வேறு எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் சுக்காம்பட்டி வந்தபோது செவந்தி சாலையோரக் கட்டைச்சுவரில் ஏறி நின்றிருந்தாள். ஜன்னல் வழியே கத்தினான். “யாரு மேல ஏறுச்சு?”

“ராக்காயி மேல.”

அதற்குள் லாரி தாண்டிவிட்டது. அடுத்த கேள்வியைத் தலைநகரைச் சுற்றிக்கொண்டு வந்து, காலையில்தான் கேட்க முடிந்தது. “அவளுக்கு என்ன கேடு? எதுக்கு இந்தச் சந்துக்குள்ள எறங்குனா?”

சாயங்காலம் பதில் கிடைத்தது. “அவ வீட்ல சொட்டுத் தண்ணி இல்ல.”

“அவதான் அடிக் குடத்துல எப்பவும் சேத்து வச்சிருப்பாளே?” என்றான் மறுநாள் காலை.

செவந்தி ராக்காயியைப் புதைத்த இடத்துப் பக்கம் திரும்பி நின்றாள். சாயங்காலமும் அப்படியே நின்றாள்.

அதற்கடுத்த காலை அவளே முந்திக்கொண்டாள். “நம்ம சின்னவளுக்குக் காச்சல். நெருப்பாக் கொதிச்சுச்சு. ராக்காயி சேத்து வச்சதத்தான் கடனா வாங்கி ஊத்துனேன்.”

நாள் முழுக்க அதையே மென்றுகொண்டு போனான். இடுப்பு வலி தெரியவில்லை. சாயங்காலம் கேட்டான். “புள்ளைக்கு விட்டுருச்சா?”

“விட்டுருச்சு.” இந்தத் தடவை செவந்தி சுவரிலிருந்து குதித்து லாரியோடு கூடவே ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது. சொல்லி முடிக்கும்வரை ஓடினாள்.

“நாம ராக்காயிக்கு ரெண்டு குடம் தண்ணி குடுக்கணும்.”